மரத்தில் உயிருள்ள மீன் போலவே சின்ன மீன் செதுக்கப் பழகுவது எப்படி?

கேள்வி கேட்டவர் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார்: என்ன மரம் நல்லது, எந்த மீனில் தொடங்குவது, செதில்களைத் தத்ரூபமாக எப்படி வரைவது. மூன்றாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செதிலை வரையாதீர்கள். முதல் ஐந்தாறு மீனுக்காவது வேண்டாம்.

நான் மலேசியாவின் பினாங்கில், ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். பகலில் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் ஒரு மணி நேரம் மரத்தூள். ஏழு வருடமாக இப்படித்தான் போகிறது. முதலில் செதுக்கியது சியாக்காப், அதாவது கொடுவா. ஒரு மாதம் ஆனது. ஒவ்வொரு செதிலையும் மெல்லிய தூரிகையால் வளைவு வளைவாக வரைந்தேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி இருந்தது. அம்மாவிடம் கொடுத்தேன். நாற்பது வருடமாக மீன் வாங்கி, அரிந்து, கழுவிய கை. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு நாள் மீன்டா" என்றார்.

கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார். சந்தையில் அம்மா முதலில் பார்ப்பது கண்ணைத்தான். புது மீனுக்குக் கண் கொஞ்சம் பிதுங்கி, தெளிவாக, ஈரமாக இருக்கும். நாள்பட்டால் உள்ளே அமுங்கிப் பால் கட்டும். நான் குழி தோண்டி அதற்குள் கறுப்புச் சாயத்தைப் பொட்டு வைத்திருந்தேன். இருநூறு செதில் வரைந்தும் என்ன பயன், கண்ணைப் பார்த்தாலே நாறிய மீன்!

இப்போது செய்வது இதுதான். கண் வரும் இடத்தில் மிக ஆழமில்லாத வட்டம் ஒன்று. அதில் முதலில் வெள்ளி அல்லது பொன் நிறம், காய்ந்ததும் நடுவில் கறுப்பு. அதன் மேல் ஈர்க்குச்சி நுனியால் நிறமில்லாத எப்பாக்ஸிப் பசை ஒரு சொட்டு. அது தானாகவே குமிழ் மாதிரி திரண்டு நிற்கும். மீனைப் படுக்கவைத்தபடி ஒரு நாள் விடுங்கள், அவசரப்பட்டுத் திருப்பினால் கண்ணீர் வழிந்த மாதிரி ஆகிவிடும். கண்ணாடிக் கண்கள் இணையத்தில் 3, 4 மில்லிமீட்டர் அளவிலும் விற்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தச் சொட்டு வேலையில் ஒரு சுகம் இருக்கிறது.

சரி, மரம். வெளிநாட்டுக் காணொளிகளில் பாஸ்வுட், டுபேலோ என்பார்கள். நமக்கு அதெல்லாம் தேவையே இல்லை. ஜெலுத்தோங் இருக்கிறது. லேசான மரம், நார் நேராக ஓடும், கத்திக்கு வெண்ணெய் மாதிரி இடம் கொடுக்கும். வார்ப்புப் பட்டறைக்காரர்கள் அச்சு எடுப்பதற்கான மாதிரி உருவங்கள் செய்யவும், பென்சில் செய்யவும் பயன்படுத்தும் மரம். ரப்பர் போலவே பால் வடியும் மரம்தான். ஒரு காலத்தில் அந்தப் பாலைக் காய்ச்சிச் சுயிங்கம் செய்ய அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். எங்கள் தாத்தா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். பேரன் இன்னொரு பால் மரத்தை வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரே குறை, பால் ஓடிய குழாய்கள் பலகையில் சின்னச் சின்னக் கீறலாகத் தெரியும். வாங்கும்போது கீறல் இல்லாத துண்டாகப் பாருங்கள். பூலாய் கிடைத்தாலும் சரி, அது ஏழிலைப்பாலை இனம், அதுவும் மென்மையான மரம். மெராந்தி வேண்டாம், சின்ன வேலையில் நார் நாராகப் பிய்யும்.

மீன் என்று கேட்டால், கெம்போங். நம் சமையலறையில் கெம்போங் தெரியாதவர் யார்? ஊர்ப்பக்கம் கானாங்கெளுத்தி, அயிலை என்பார்கள். இதன் செதில் மிகச் சிறியது. உடல் வழவழவென்று தெரியும். செதில் வரைய வேண்டிய கவலையே இல்லாமல் உடம்பையும் நிறத்தையும் கவனிக்கலாம். காலையில் சௌராஸ்தா மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு மீன் வாங்குங்கள். ஒன்று குழம்புக்கு, ஒன்று மேசைக்கு. மேசை மீனை வெள்ளைத் தாளில் படுக்கவைத்து விளிம்பைச் சுற்றி வரையுங்கள். பக்கவாட்டில், மேலிருந்து, முகத்துக்கு நேராக என்று படம் எடுங்கள். மேலிருந்து எடுக்க எல்லோரும் மறந்துவிடுவார்கள். அதனால்தான் ஆரம்பகால மீன்கள் பிஸ்கட் மாதிரி தட்டையாக வருகின்றன.

நான் பாதி அளவில் செய்வேன், பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர். முதலில் பக்கவாட்டு உருவத்தை வில் ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு, முதுகிலும் வயிற்றிலும் நடுக்கோடு ஒன்று பென்சிலால் போடுவேன். இந்தக் கோட்டைக் கடைசிவரை அழிக்கக் கூடாது. கத்தி தின்றுவிட்டால் மறுபடியும் போடுங்கள். கோடு போனால் ஒரு கன்னம் வீங்கியும் மறு கன்னம் ஒட்டியும் பல்வலி வந்த மீன்தான் மிஞ்சும். அப்புறம் மூலைகளைச் சீவி உருட்டுவது, 120, 220, 400 எண் மணல்தாள்களால் வரிசையாகத் தேய்ப்பது. இதில் சொல்ல ஒன்றுமில்லை. இடது கையில் வெட்டுப்படாத கையுறை, முகத்தில் மாஸ்க், இரண்டும் கட்டாயம்.

உடலோடு சேர்த்து வாலைச் செதுக்க ஆசை வரும். நானும் செய்தேன், வால் மூன்று முறை உடைந்தது. உடலில் நார் தலையிலிருந்து வாலுக்கு ஓடுகிறது. வால் மேலும் கீழுமாக விரியும் இடத்தில் அதே நார் குறுக்கே விழுந்துவிடும். வாலையும் துடுப்புகளையும் தனி மெல்லிய துண்டில், நார் முள்ளோடு முள்ளாக ஓடும்படி வெட்டிப் பள்ளம் போட்டு ஒட்டினால் போதும். கெம்போங்கின் இரண்டாம் முதுகுத் துடுப்புக்குப் பின்னால் ஐந்து குட்டித் துடுப்புகள் இருக்கும், அதற்கு நேர் கீழேயும் ஐந்து. அதை எண்ணி வைக்காவிட்டால் மீன் தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

செவுள் மூடியின் ஓரத்தை மட்டும் ஆழமாக வெட்டுங்கள். கத்தியைச் சாய்த்து உள்ளே விட்டு, பின்பக்கம் இருக்கும் உடலை மெல்லச் சரித்துவிட்டால் மூடி தூக்கிக்கொண்ட மாதிரி தெரியும். என் ஆறாவது கெம்போங்கில் இது சரியாக அமைந்தது. அம்மா கையில் எடுத்ததும், பழக்க தோஷத்தில், உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தை விட்டார். சாயம் பெயர்ந்து வந்தது. எனக்குக் கிடைத்த ஒரே பரிசு அதுதான்.

நிறத்துக்கு வருவோம். மீனின் வெள்ளி நிறம் சாயம் அல்ல. தோலுக்குள் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக இருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் சாம்பல் நிறம் அடித்தால் அலுமினியப் பாத்திரம் மாதிரிதான் வரும். வெள்ளை அடித்தளம் போட்டு, முத்துபோல மினுங்கும் பொடி கலந்த அக்ரிலிக் சாயத்தைப் பாலைவிடத் தண்ணியாகக் கரைத்து எட்டுப் பத்துப் பூச்சு கொடுங்கள். முதுகுக்கு நீலமும் பச்சையும் கலந்து, பக்கவாட்டில் இறங்க இறங்கக் கரைந்துபோக வேண்டும். எங்கே முதுகு முடிந்தது, எங்கே வயிறு தொடங்கியது என்று கோடு தெரியவே கூடாது. அதன் மேல் முதுகோரம் கருங்கோடுகள், மார்புத் துடுப்பின் கீழ் விளிம்பை ஒட்டி ஒரு கறுப்புப் புள்ளி.

செதில் இல்லாமல் மனசு கேட்கவில்லை என்றால் ஒரு வழி சொல்கிறேன், ஆனால் சியாக்காப்புக்குப் போன பிறகு. கல்யாண முக்காட்டுக்குப் பயன்படும் மெல்லிய வலைத் துணியை உடம்பில் இழுத்துக் கட்டி, சாயத்தைக் காற்றோடு ஊதும் ஏர்பிரஷால் லேசாக முதுகுப் பக்கம் மட்டும் ஊதி, வலையை எடுத்துவிடுங்கள். வயிற்றை நோக்கிப் போகப் போகத் தேய்ந்து மறைய வேண்டும்.

கடைசிப் பூச்சு வார்னிஷ். இதில் நம் ஊர் வானிலை ஒரு சண்டைக்காரன். தொடர்மழை பெய்த ஒரு சாயங்காலம் பொறுமை இல்லாமல் லாக்கர் ஸ்ப்ரே அடித்தேன். காற்றிலிருந்த ஈரம் பூச்சுக்குள் சிக்கி, பத்து நிமிடத்தில் மீன் முழுவதும் வெண்படலம். மூன்று வார வேலை. வெயில் காய்கிற பகல் நேரத்தில், மெல்லிய பூச்சாக, மாஸ்க் போட்டுக்கொண்டு அடியுங்கள்.

அமெரிக்காவில் இந்தக் கைவேலைக்கு ஒரு பழைய வேர் உண்டு. உறைந்த ஏரியில் துளை போட்டு, மரமீனை நூலில் கட்டி உள்ளே ஆட்டுவார்கள். பெரிய மீன் நெருங்கி வந்ததும் ஈட்டி இறங்கும். மிச்சிகன் மாநிலத்தின் கடிலாக் ஊரில் வாழ்ந்த ஆஸ்கர் பீட்டர்சன் (1887–1951) செதுக்கியவற்றை இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அந்த வகை மீன்களின் வயிற்றில் ஈயம் இருக்கும், துடுப்புகள் தகரத்தில். செதிலை எண்ணிப் பார்த்தா நிஜ மீன் வந்தது? உடம்பும் அசைவும் சரியாக இருந்ததால் வந்தது.

செலவு என்று பார்த்தால், எனக்கு ஆரம்பத்தில் 150 வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்தது. நல்ல கத்தி ஒன்று, ரம்பம், மணல்தாள், ஆறு நிறச் சாயம். ரம்பம் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் வாங்கியது. சீக்கிரம் போங்கள், மதியத்துக்குள் கடை கட்டிவிடுவார்கள். சுழலும் மின்கருவி, ஏர்பிரஷ் எல்லாம் பத்து மீன் தாண்டிய பிறகு யோசிக்கலாம். முதல் மீனை முடித்ததும் இந்தப் பதிலின் கீழேயே படம் போடுங்கள். முழு மீனோடு, கண்ணை மட்டும் பக்கவாட்டில் கிட்ட எடுத்த படமும் ஒன்று வேண்டும், அம்மாவிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.