ஜார்ஜ் ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஏன் மூன்று இசைத்தட்டுகளாக வந்தது?

ஹாரிசன் இருந்த பீட்டில்ஸ் இசைக்குழுவில் பெரும்பாலும் லெனன், மெக்கார்ட்னி பாட்டுகளுக்குத்தான் இடம். ஹாரிசனுக்குப் பல ஆல்பங்களில் ஒன்றிரண்டுதான் கிடைத்தது. வருடக்கணக்கில் சேர்ந்துபோன பாட்டுகளை, குழு பிரிந்த 1970-லேயே நவம்பரில் மொத்தமாகக் கொண்டுவந்தார்.

வினைல் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 20-25 நிமிடம்தான் நன்றாக அடங்கும். அதற்கு மேல் திணித்தால் வரிப்பள்ளங்கள் நெருங்கி ஒலியளவு குறையும். 18 பாட்டுகளுக்கே இரண்டு தட்டு ஆகிவிட்டது. மூன்றாவது, 'ஆப்பிள் ஜாம்': நண்பர்களோடு சேர்ந்து, முன்கூட்டி எழுதிவைக்காமல் வாசித்த ஜாம் பதிவுகள்.

எதை வாங்கலாம்? ஆல்பத்தை ஹாரிசனோடு சேர்ந்து தயாரித்த ஃபில் ஸ்பெக்டரின் எதிரொலி நிறைந்த ஒலி வேண்டுமென்றால் பழைய பதிப்பு. எனக்கோ 2021 மறுகலவைதான் (ரீமிக்ஸ்) பிடிக்கும். ஹாரிசனின் குரல் அதில் அவ்வளவு தெளிவு!