ஆட்கள் அதேதான், ஆட்டம் மாறுமா?

கேள்வி: எனக்குப் பிடித்த ஐஸ் ஹாக்கி அணி, சீசன் நடுவில் தலைமைப் பயிற்சியாளரை மாற்றிவிட்டது. ஆடப்போவது அதே ஆட்கள்தானே, என்ன மாறிவிடப் போகிறது?

பதில்: நிறையவே மாறலாம். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் ஆடும் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணியைப் பாருங்கள். 2018 நவம்பரில் மைக் இயோவை நீக்கிவிட்டு கிரெய்க் பெரூபியிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். உடனே ஒன்றும் நடக்கவில்லை. 2019 ஜனவரி தொடக்கத்தில் லீக்கின் 31 அணிகளில் கடைசி இடம். அந்த ஜூனிலேயே லீக்கின் சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பை அவர்கள் கையில்! (ஜனவரியில் கோல் காக்க வந்த இளைஞர் ஜோர்டன் பின்னிங்டனின் பங்கும் அதில் பெரிது.)

நான் ஆட்டம் பார்க்கும்போது பெஞ்சைத்தான் அதிகம் கவனிப்பேன். ஒரு வீரர் முக்கால் நிமிடம் போல ஆடிவிட்டு மூச்சிரைக்க வந்து உட்காருவார். அடுத்து யார் இறங்குவது, யாரோடு யாரைச் சேர்ப்பது, கடைசி நிமிடத்தில் யாரை நம்புவது எல்லாமே பின்னால் நிற்கும் அந்த ஒருவர் முடிவு. முந்தையவரிடம் நான்காவது வரிசையில் (குறைவாகவே களமிறங்கும் தாக்குதல் குழு) ஒதுங்கிக் கிடந்தவர், புதியவரிடம் இரண்டாவது வரிசைக்கு வந்தால் அவர் சறுக்கிப் பாயும் வேகமே வேறாகிவிடும். அப்புறம், பக் (அடித்து ஆடும் ரப்பர் வட்டு) எதிரணியின் மூலைக்குப் போனதும் இரண்டு பேர் பாய்ந்து நெருக்குவதா, ஒருவர் போதுமா என்பதும் மாறும். அது உடம்பில் ஊற சில வாரங்கள் ஆகும். அதுவரை சில கோல்களை வாங்குவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தற்காப்பு வீரர்களின் கால் தளர்ந்திருந்தால் மட்டும் எந்தப் பயிற்சியாளராலும் அதைச் சரிக்கட்ட முடியாது. சரி, ஒரு பத்து ஆட்டம் போகட்டும். மறுபடி எழுதுங்கள், ஆவலாக இருக்கிறேன்.