ஜூலையில் கேமராவை உள்ளே வைத்துவிடலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஜப்பானில் தொச்சிகி மாகாணத்தில் ஒரு சின்ன ஊரில் வேலை பார்க்கிறேன். சுற்றிலும் வயல், தள்ளி மலை. இங்கே வந்த பிறகுதான் பறவை பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. குளிர்காலத்தில் வாத்துகளும் கீச்சான்களும் தாராளமாகக் கிடைத்தன. அந்தத் தைரியத்தில் ஒரு 150-600 மிமீ டெலி லென்ஸ் வாங்கினேன். மே மாதம் காட்டுக்குள் போனால் காது நிறையப் பாட்டு. மஞ்சள் மார்புள்ள கிபிதாகி ஈப்பிடிப்பானை ஒருவழியாகப் படமும் எடுத்துவிட்டேன்.

இப்போது அதே காட்டில் சிள்வண்டுச் சத்தம் மட்டும்தான். இலைகளுக்கு நடுவே ஒன்றும் தெரியவில்லை. வயலில் கொக்கை எடுத்தாலோ படம் கலங்கலாக வருகிறது. லென்ஸ் பழுதா என்று சந்தேகம். கூட வேலை செய்பவர், "கோடையில் பறவை வேண்டுமானால் வடக்கே ஹொக்கைடோ போ, இல்லாவிட்டால் அக்டோபர் வரை கேமராவை உள்ளே வை" என்கிறார். அப்படித்தானா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். பக்கத்து ஊர் ஷிந்தோ கோயில் மரப்பொந்தில் அவோபாசுகு ஆந்தை கூடு வைத்திருக்கிறது. எப்போது போனாலும் வரிசையாக ட்ரைபாட்கள் நிற்கின்றன. நானும் போய் நிற்கலாமா?

– ஆர்., தொச்சிகி

அன்புள்ள ஆர்.,

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. சர்வீஸுக்கு அனுப்பிப் பணத்தை வீணாக்க வேண்டாம். நீங்கள் பார்த்த கலங்கல் கானல். சூடான தரையிலிருந்து எழும் காற்றும் மேலே இருக்கும் காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. நூறு மீட்டர் தள்ளி நிற்கும் கொக்கின் ஒளி அந்தக் காற்று முழுவதையும் கடந்துதான் உங்களிடம் வருகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. நடுவில் தார்ச்சாலையோ காரின் பானட்டோ இருந்தால் இன்னும் மோசம். பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு: ஏசி ஓடும் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு லென்ஸை நீட்டினால், உள்ளிருக்கும் குளிர்காற்றும் வெளியே இருக்கும் வெக்கையும் கலக்கும் இடத்தில், லென்ஸுக்கு முன்னாலேயே ஒரு கானல் உண்டாகிவிடும். ஏசியை அணைத்து, எஞ்சினையும் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். வேர்க்கும், என்ன செய்ய. உங்கள் பகுதியில் ஜூலையில் நாலரை மணிக்கே சூரியன் வந்துவிடுகிறது. ஏழு மணிக்குள் வயல் வேலையை முடித்துக்கொண்டு நிழலுக்குப் போய்விடுங்கள்.

அடுத்தது ஹொக்கைடோ. அங்கே போவதில் தவறொன்றும் இல்லை. தெவுரித் தீவில் லட்சக்கணக்கான உதோ கடற்பறவைகள் அலகு நிறைய மீனோடு அந்தி நேரத்தில் குஞ்சுகளிடம் திரும்புவதை ஜூலையில் பார்க்கலாம். லீவும் காசும் இருந்தால் போய்வாருங்கள். ஆனால் உங்கள் ஊரில் பறவை இல்லை என்பதால் போகிறேன் என்றால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மே மாதம் நீங்கள் கேட்ட பாட்டு இடம் பிடிக்கவும் துணை தேடவும் பாடியது. குஞ்சுகள் பறந்த பிறகு அதற்கு வேலை இல்லை. அதோடு இறகு மாற்றும் காலமும் தொடங்கிவிடுகிறது. பழைய இறகுகளை உதிர்த்துப் புதியவற்றை வளர்ப்பது உடம்புக்குப் பெரிய செலவு. பறக்கும் திறனும் கொஞ்சம் குறையும். அந்த நிலையில் எந்தப் பறவையும் மரத்து உச்சியில் நின்று கச்சேரி பண்ணாது. காட்டில் பறவை குறையவில்லை. அந்த வருடத்துக் குஞ்சுகளையும் சேர்த்தால் எண்ணிக்கை மே மாதத்தைவிடக் கூடத்தான் இருக்கும். நீங்கள் காதை வைத்துத் தேடிப் பழகிவிட்டீர்கள், கோடையில் அந்த முறை பலிக்காது.

கோடையில் நான் தண்ணீரைத் தேடிப் போவேன். ஜப்பானியக் கிராமப்புறத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தண்ணீர் எங்கே இருக்கிறது, எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்தால் பறவையின் இடமும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

காட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். பாதையில் நடந்துகொண்டே இருக்காதீர்கள். ஓடை ஆழம் குறைந்து, கூழாங்கல் தெரியும்படி ஓடும் ஓர் இடத்தைப் பார்த்து, மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிடுங்கள். இறகு மாற்றும் பறவை அடிக்கடி குளிக்கும். அதுவும் வெயில் உச்சியில் இருக்கும்போது, மற்றவர்கள் காரில் தூங்கும் நேரத்தில் வரும். ஈப்பிடிப்பான் குஞ்சுகள் உடம்பெல்லாம் புள்ளியோடு வரும். தலையில் பாதி இறகில்லாத சிட்டுகள் வரும். அழகுப் படம் கிடைக்காது, ஆனால் எந்தக் களக் கையேட்டிலும் இல்லாத படம் கிடைக்கும். வெளிச்சம் மிகக் குறைவாக இருக்கும். கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400க்கு ஏற்றத் தயங்காதீர்கள். படம் கொஞ்சம் மணல்மணலாக இருந்தால் என்ன, அசைந்து மங்கிப்போன படத்தைவிட அது மேல்.

இனி வயல். உங்களைச் சுற்றி இருப்பதே இதுதான், எனக்குப் பிடித்ததும் இதுதான். உங்கள் பகுதியில் மே மாத நடவு முடிந்து ஒரு மாதம் போல ஆனதும் விவசாயிகள் வயல் தண்ணீரை வடித்துத் தரையில் வெடிப்பு விழும்வரை காயப்போடுவார்கள். நகபோஷி என்று பெயர். பயனில்லாத தூர்கள் கிளைக்காமல் இருக்கும், வேருக்குக் காற்றுக் கிடைக்கும், அறுவடை இயந்திரம் இறங்கும்போது மண் தாங்கும். பயிருக்கு நல்லது. வால் உதிராத தவளைக் குஞ்சுக்கு அது சாவு. தப்பிய தவளை, மீன், பூச்சி எல்லாம் வாய்க்காலில் சேரும். கொக்குகளும் அங்கேயே போகும். நெற்பயிர் கொக்கின் கழுத்துக்கு மேல் வளர்ந்துவிட்ட இந்த மாதத்தில் வயலுக்கு நடுவே தேடிப் பிரயோசனம் இல்லை. வாய்க்கால் ஓரம், மடைவாய், நீர் தேங்கிய தரிசு, இவற்றைப் பாருங்கள். தரிசில் அதிர்ஷ்டம் இருந்தால் மயில் உள்ளான். நம் ஊர்க் குளங்களிலும் இருக்கும் அதே பறவைதான். பெண்தான் பளபளப்பு, மங்கலான ஆண் அடைகாத்து, குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு அலையும். கண்ணில் பட்டால் காரை விட்டு இறங்காதீர்கள். வெள்ளைக் கொக்கைப் பச்சைப் பயிருக்கு முன்னால் எடுக்கும்போது எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இறகு விவரம் எல்லாம் வெளுத்துப்போகும்.

நகபோஷிக்கும் பறவைக்கும் உள்ள உறவை மிக அழகாகப் புரிந்துகொண்ட ஊர் ஹ்யோகோ மாகாணத்தின் தொயோஓகா. ஜப்பானின் கடைசிக் காட்டுக் கொனோதோரி நாரை 1971இல் அங்கேதான் செத்தது. பிறகு ரஷ்யாவின் கபரோவ்ஸ்க்கிலிருந்து வந்த குஞ்சுகளைக் கூண்டில் வளர்த்து இனம் பெருக்கி, 2005இல் திறந்துவிட்டார்கள். 2007இல் காட்டுக் கூட்டிலிருந்து குஞ்சு பறந்தது. இது பல இடங்களில் எழுதப்பட்ட கதை. அதிகம் பேசப்படாதது விவசாயிகள் செய்த காரியம். பூச்சிமருந்தைக் குறைத்தார்கள் அல்லது விட்டார்கள். தவளைக் குஞ்சுக்குக் கால் முளைக்கும்வரை நகபோஷியைத் தள்ளிப்போட்டார்கள். தண்ணீரை வடிக்கும் நாளைக் கொஞ்சம் தள்ளி வைத்ததால் ஒரு பறவைக்கு இரை மிச்சமானது. அந்த நாரைகளை நீங்கள் பார்க்க ஹ்யோகோ வரை போக வேண்டாம். உங்கள் மாகாணத்திலேயே ஒயாமா நகரில், வதராசே என்ற வெள்ளத் தேக்கப் பகுதியில் அமைத்த கூட்டுக் கோபுரத்தில் 2020இல் ஒரு ஜோடி குஞ்சு பொரித்தது.

வதராசேயைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. போனதில்லை என்று நினைக்கிறேன். போங்கள். 1,500 ஹெக்டேர் அளவில் நாணல் காடு. ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, சூரியன் விழுந்த பிறகு தகைவிலான்கள் அங்கே அடைய வரும். உங்கள் ஊர்க் கடைகளின் தாழ்வாரத்திலும் ரயில் நிலையத்திலும் கூடு கட்டி, எச்சம் விழாமல் இருக்க அடியில் பலகை வைத்துக் கொடுக்கப்பட்டதே, அந்தத் தகைவிலான்கள்தான். குஞ்சு பறந்ததும் கூட்டை மறந்துவிட்டு, தென்கிழக்கு ஆசியாவுக்குக் கிளம்பும்வரை இரவைக் கூட்டமாக நாணலில் கழிக்கும். ஆயிரமாயிரமாக வரும். வானம் முழுக்கப் புள்ளிகள், பிறகு ஐந்து பத்து நிமிடத்தில் எல்லாம் நாணலுக்குள் இறங்கிவிடும். இதற்கு 600 மிமீ லென்ஸ் தேவையே இல்லை. கிட் லென்ஸ் போதும், போனில் எடுத்தாலும் வரும்.

அந்த நாணலுக்குக் கீழே ஒரு ஊர் இருந்தது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஆஷியோ செப்புச் சுரங்கத்தின் நச்சு வெள்ளத்தில் கலந்து கீழே இருந்த வயல்களைக் கெடுத்தது. வெள்ளத்தைத் தேக்க இடம் வேண்டும் என்று யானகா கிராமத்தையே 1906இல் கலைத்தார்கள். தனாகா ஷோசோ என்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், வெளியேற மறுத்தவர்களோடு அங்கேயே தங்கிப் போராடினார். 2012இல் அதே இடம், முக்கியமான ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பறவைக்கு நல்ல இடம் எப்படி உண்டாகிறது என்பதற்கு எப்போதும் நல்ல பதில் இருப்பதில்லை.

சாஷிபா பருந்துக்கு இச்சிகாய் போங்கள், அதுவும் தொச்சிகிதான். குன்றுகளுக்கு இடுக்கில் விரல்விரலாக நுழையும் பள்ளத்தாக்கு வயல்கள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன. வசந்தத்தில் இந்தப் பருந்து மின்கம்பத்தில் உட்கார்ந்து வயல் தவளையைப் பிடிக்கும். பயிர் உயர்ந்து தரை தெரியாமல் போனதும் காட்டோரத்துக்கு மாறிப் பூச்சிகளைப் பிடிக்கும். ஜூலையில் பறக்கப் பழகிய குஞ்சுகள் இரை கேட்டு ஓயாமல் கத்தும், அதனால் கண்டுபிடிப்பது சுலபம். இப்படிப்பட்ட வயல்கள் பெரிய இயந்திரத்துக்குத் தோதுப்படாது. உழுகிறவர்களுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் தோக்கியோவில். கைவிட்ட வயலில் சில வருடங்களில் புதர் மண்டி, தண்ணீரும் தவளையும் பருந்தும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விடுகின்றன. ஒரு வேண்டுகோள்: அங்கே பாதை குறுகல். காரை நடுவில் நிறுத்தினால் பெரியவரின் குட்டி லாரி போக முடியாது. வரப்பில் ஏறாதீர்கள். எதிரில் வருபவருக்குத் தலைகுனிந்து வணக்கம் சொல்லுங்கள். பறவை எங்கே என்று அவரே சொல்லிவிடுவார்.

வெக்கை தாங்காவிட்டால் நிக்கோவுக்கு மேலே செஞ்சோகஹரா சதுப்புநிலம், 1,400 மீட்டர் உயரம். அங்கே பருவம் பிந்தி வருவதால் ஜூலையிலும் நொபிதாகி என்ற சிறு பறவைகள் குஞ்சுகளோடு செடி உச்சியில் உட்காரும், மரப்பாலத்திலிருந்தே எடுக்கலாம். சத்தம் கேட்டுக் கரடி விலகிப் போக மணி கட்டிக்கொண்டு போங்கள். கருப்புச் சட்டை வேண்டாம், குளவி சும்மா விடாது.

ஒரே ஒரு நாள் வெளியூர் போக முடியுமென்றால் தோக்கியோவுக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊரான ஓயிசோ. உங்கள் மாகாணத் தலைநகர் உத்சுனொமியாவிலிருந்து தோக்கியோ வழியாக ஒதவாரா பக்கம் போகும் நேரடி ரயிலே இருக்கிறது, மூன்று மணி நேரம் போல ஆகும். ஸ்டேஷனிலிருந்து தெருகசாகி கடற்கரைக்கு நடந்தே போகலாம். மே முதல் அக்டோபர் வரை காலையில் தன்சாவா மலைக்காட்டுப் பச்சைப்புறாக்கள் கூட்டம் கூட்டமாக அந்தப் பாறைகளில் இறங்கிக் கடல் தண்ணீர் குடிக்கும். கோடை முழுக்கப் பழத்தைத் தின்கிற உடம்புக்கு உப்பு பற்றாது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். சில நொடி குடிக்கும், அலை வரும், கூட்டமே எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறங்கும். சில நேரம் அலை ஒன்றை இழுத்துக்கொண்டு போகும், சில நேரம் பைரி என்ற வேட்டைப்பறவை அடிக்கும். பச்சை உடம்பு, ஆணுக்குத் தோளில் செம்பழுப்பு, பின்னால் வெள்ளை நுரை. ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்குக் கீழே இறக்காதீர்கள். கோடையில் பறவை இல்லை என்று சொன்ன உங்கள் நண்பரையும் கூட்டிப் போங்கள்.

கடைசியாக ஆந்தை. இப்போது போகாதீர்கள். பெண் பொந்துக்குள் இருக்கும்போது ஆண் பகலெல்லாம் பக்கத்துக் கிளையில் காவல் நிற்கும். அது அசையாமல் இருப்பதைப் பார்த்து, நம்மைக் கண்டுகொள்ளவில்லை, பழகிவிட்டது என்று ட்ரைபாட்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கூட்டை விட்டுப் போக முடியாத பறவை அசையாமல்தான் நிற்கும். ஜப்பான் காட்டுப்பறவைச் சங்கமும் கூட்டருகே படமெடுப்பதைத் தவிர்க்கும்படிதான் கேட்டுக்கொள்கிறது. பறவையைக் கூண்டில் வைத்துப் பாட்டுக் கேட்பதும், வலையில் பிடித்துச் சுட்டுத் தின்பதும் சாதாரணமாக இருந்த காலத்தில், 1934இல், பறவையைக் காட்டிலேயே வைத்துப் பார்ப்போம் என்று நகானிஷி கோதோ தொடங்கிய சங்கம் அது.

குஞ்சுகள் ஜூலைக் கடைசி வாக்கில் வெளியே வந்து, சில நாள் அதே மரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அப்போது ஒரு நாள் போங்கள். கோயிலில் ஆள் இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், பாதையை விட்டு உள்ளே போக வேண்டாம், கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுங்கள். இணையத்தில் போடும்போது ஊர்ப் பெயரை எழுதாதீர்கள். உங்கள் கடிதத்தில் இருந்த கோயில் பெயரையும் அதனால்தான் இங்கே எடுத்துவிட்டேன்.

வதராசேயில் ஏதாவது கிடைத்தால் அனுப்புங்கள். பச்சைப்புறா வேண்டாம், என்னிடமே ஏகப்பட்டது கிடக்கிறது.