ஆர்க்டிக் போக ஓட்டுக் கேட்கலாமா?

பனியையே பார்க்காதவர்கள்கூட மக்கள் ஓட்டுப் போட்டால் ஆர்க்டிக் போய்வரலாம் என்கிறார்களே, நிஜமா? (வாசகர், விருதுநகர்)

நிஜம்தான், அப்படிப் போய்வந்தவர்கள் உண்டு. நீங்கள் கேள்விப்பட்டது ‘ஃபியால்ராவென் போலார்’ பயணமாக இருக்கும். ஃபியால்ராவென் என்பது கூடாரம், முதுகுப்பை, குளிர் உடைகள் செய்யும் சுவீடன் நிறுவனம். ஆக்கே நூர்டின் 1960-ல் தொடங்கியது. நாய்வண்டி ஓட்டுவதில் பெயர்பெற்ற கென்த் ஃபியெல்போர்குடன் சேர்ந்து 1997-ல் இந்தப் பயணத்தை ஆரம்பித்தார்கள். தக்க உடையும் வழிகாட்டலும் இருந்தால் யார் வேண்டுமானாலும் அந்தக் குளிரைத் தாங்கலாம் என்று காட்டுவதே நோக்கம். அதனால் முன் அனுபவம் கேட்பதில்லை. சில ஆண்டுகள் நின்றுபோய் 2012-ல் மறுபடி தொடங்கியது. நார்வேயின் சிக்னல்டாலன் பள்ளத்தாக்கில் கிளம்பி, சுவீடனின் கிரூனா பக்கம் வரை, நாய்கள் இழுக்கும் பனிவண்டியில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஏப்ரல் மாதம்தான், ஆனாலும் இரவில் மைனஸ் 30 டிகிரி வரை இறங்கக்கூடும்.

ஓட்டு அதிகம் வாங்கினால் போதுமா? (வாசகி, தஞ்சாவூர்)

ஓட்டெடுப்பு நடந்த ஆண்டுகளில் உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு இருவரை எடுத்தார்கள். ஒருவர் அதிக ஓட்டு வாங்கியவர். மற்றவரை நடுவர் குழு தேர்ந்தெடுக்கும். தனி மண்டலம் இல்லாத நாடுகளெல்லாம் ‘த வேர்ல்டு’ என்ற ஒரே பிரிவில், இந்தியாவும் அதில்தான். போட்டி எவ்வளவு கடுமை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் 2018-ல் கேரளத்து இளைஞர் ஒருவர் மலையாளிகள் திரண்டு போட்ட ஓட்டால் தேர்வானார்.

ஆனால் பெரும்பாலானவர்களுக்கு உண்மையான வாய்ப்பு நடுவர் குழு தேர்ந்தெடுக்கும் அந்த இன்னோர் இடத்தில்தான் இருக்கிறது. ஓட்டுப் பட்டியலில் பின்தங்கிவிட்டோம் என்று விண்ணப்பத்தை அரைகுறையாக விட்டுவிடாதீர்கள். ‘எனக்குச் சாகசம் பிடிக்கும்’ என்று எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் செய்யும் வேலை, உடன் இருப்பவர்களோடு பழகும் விதம், திரும்பி வந்து இந்த அனுபவத்தை யாரிடம் கொண்டுபோவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். விண்ணப்பக் காணொளியில் முகம் தெரிய வேண்டும், குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். பின்னணி இசை பேச்சை விழுங்கக் கூடாது.

காசு கொடுத்து ஓட்டு வாங்கவே வாங்காதீர்கள். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் வந்து குவியும் போலிக் கணக்கு ஓட்டுகளைக் கண்டுபிடிப்பது சுலபம். மொத்த விண்ணப்பமும் தள்ளுபடியாகிவிடும். தேர்வு முறை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. அறிவிப்பு வந்ததும் முதலில் விதிகளைப் படியுங்கள்.

‘என் தம்பிக்கு ஓட்டுப் போடுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் இணைப்பு வருகிறது. அழுத்தலாமா? (வாசகர், சேலம்)

போட்டி நடத்துபவரின் சொந்தத் தளத்துக்கு அது போகிறதா என்று முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஓடிபி, வங்கி விவரம், ‘பதிவுக் கட்டணம்’ எதைக் கேட்டாலும் மூடிவிடுங்கள். ஓட்டுக் கேட்பவர்களும் சுருக்க இணைப்பு அனுப்பாமல் முழு முகவரியையே அனுப்பினால் நம்பிக்கை வரும். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஒரு படமும் சேர்த்து அனுப்புங்கள். ஓட்டுப் போட வந்த பலர் பக்கத்தைத் திறந்துவிட்டு, வழி புரியாமல் அப்படியே போய்விடுகிறார்கள்.

தேர்வாகிவிட்டால், குளிருக்கு எப்படித் தயாராவது? (வாசகி, கோவை)

குளிரைவிட ஈரத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். வியர்வையில் நனைந்த உடை, நடையை நிறுத்திய சில நிமிடங்களில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் பருத்தி கூடவே கூடாது. பனியன், ஜட்டி, சாக்ஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி, அதன் மேல் காற்றைப் பிடித்துவைக்கும் தடித்த அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். வேலை தொடங்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும், நிறுத்தியவுடன் போட்டுக்கொள்ள வேண்டும். வியர்த்த பிறகு கழற்றினால் பயன் குறைவு. நம் ஊர்க்காரர்கள் பயத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டுக்கொண்டு, வண்டி தள்ளும்போது நனைந்துபோவார்கள்.

மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 34 போல உறைக்கும். மூக்கு நுனியிலோ கன்னத்திலோ வெள்ளைத் திட்டு வந்தால் நமக்கே தெரியாது, மரத்துப்போயிருக்கும். ஆகவே இருவர் இருவராக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திட்டு தெரிந்தால் வெறும் உள்ளங்கையை மெல்ல வைத்துச் சூடாக்குங்கள். தேய்க்கக் கூடாது, பனியால் தேய்த்தால் தோல் கிழியும்.

பூட்ஸ் இறுக்கமாக இருக்கவே கூடாது. இரண்டு கம்பளி சாக்ஸ் போட்ட பிறகும் விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். ரத்த ஓட்டம் தடைபட்டால் எவ்வளவு விலை உயர்ந்த பூட்ஸும் காப்பாற்றாது. கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் மறக்காதீர்கள். ஏப்ரலில் அங்கே பகல் நீளம். பனியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணைச் சுட்டுவிடும்.

நாய்வண்டியை நாமே ஓட்ட வேண்டுமா? (வாசகர், மதுரை)

ஆமாம், ஆளுக்கு ஒரு வண்டி. முதல் விதி, கைப்பிடியை விடவே கூடாது. வண்டி கவிழ்ந்தாலும் பிடித்துக்கொள்ளுங்கள்; நீங்கள் இல்லை என்று நாய்கள் நிற்காது. ஓட்டும்போது வேகத்தைக் குறைக்கக் காலால் மிதிக்கும் பிரேக் உண்டு. நிறுத்தியபின் கொக்கி போன்ற நங்கூரத்தைப் பனியில் அழுத்தி மிதித்துப் பதிக்க வேண்டும். அது ஆழமாக இறங்கியதா என்று பார்க்காமல் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் வண்டி தனக்கு நேர் முன்னே ஓடும் நாய்களின் கால் மீதே ஏறிவிடும். மேட்டில் கைப்பிடியை விடாமல் இறங்கித் தள்ளுங்கள். முகாமுக்கு வந்ததும் நாய்களுக்குத் தண்ணீரும் தீனியும் தந்த பிறகுதான் உங்கள் சாப்பாடு.

தண்ணீருக்கு என்ன செய்வார்கள்? (வாசகி, காரைக்குடி)

பனியை உருக்க வேண்டும். புதுப்பனி என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து லிட்டர் அளவு பனி பிடிக்கலாம். மாலை முழுவதும் இதற்கே போகும். பாத்திரத்தின் அடியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் இருக்க வேண்டும். வெறும் பனியைப் போட்டால் உருகிய துளியை மேலே உள்ள பனி உறிஞ்சிக்கொள்ளும், அடியில் பாத்திரம் தீயும், தண்ணீரிலும் தீய்ந்த வாடை அடிக்கும்.

பியூட்டேன் அடைத்த கேஸ் குப்பி அங்கே உதவாது. மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே அது ஆவியாகாமல் திரவமாகவே கிடக்கும். ஆகவே பெட்ரோல் அடுப்பு. அதை நிரப்பும்போது கையுறை கட்டாயம்: மைனஸ் 25-லும் பெட்ரோல் உறையாது, அதே குளிரோடு தோலில் பட்டால் சதையை உறைய வைத்துவிடும். கூடாரத்தை முழுக்க மூடிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும்.

ராத்திரி வெந்நீர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மேல்பகுதிதான் முதலில் உறையும். காலையில் நிமிர்த்தினால் மூடி திறக்கும்.

விசா? (வாசகர், திருச்சி)

நார்வே, சுவீடன் இரண்டுக்கும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஒரே ஷெங்கன் விசா போதும். அதிக நாள் தங்கும் நாட்டின் பெயரில் விண்ணப்பியுங்கள். நாட்கள் சமமானால் முதலில் இறங்கும் நாடு. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் கையில் இல்லாதவர்கள், தேர்வு முடிவுக்குக் காத்திருக்காமல் இப்போதே எடுத்துவிடுங்கள்.