இன்றைய இளைஞர்களுக்கு எதிர்காலத்தின் மீது முந்தைய தலைமுறையைவிட நம்பிக்கை குறைவா?

குறைவுதான். ஆனால் பெரியவர்கள் சொல்கிற காரணங்களை, அதாவது செல்போன், பொறுமையின்மை, செல்லம், நான் ஏற்கவில்லை. தமிழ்நாட்டை வைத்தே சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

என் அப்பா காலத்தில் படிப்பு முடிந்ததும் முதல் வேலை எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிவது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மறந்தால் சீனியாரிட்டி போச்சு. இன்டர்வியூ கார்டு வருவதற்குள் பலருக்கு முப்பது வயது தாண்டிவிடும். 80களின் தமிழ் சினிமாவில் வேலையில்லாப் பட்டதாரி இல்லாத படமே குறைவு. ஆக, அது ஒன்றும் பொற்காலம் இல்லை. ஆனாலும் வரிசை என்று ஒன்று இருந்தது, அது மெதுவாகவாவது நகர்ந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்தவர், இந்த வருஷம் எந்த வருஷத்துப் பதிவு வரை கூப்பிட்டிருக்கிறார்கள் என்று விசாரித்துத் தன் முறை எப்போது வரும் என்று கணக்குப் போடுவார். வேலை கிடைத்துவிட்டால் பென்ஷன் நிச்சயம். அதை நம்பித்தான் பெண்ணே கொடுத்தார்கள்!

எங்கள் தலைமுறைக்கு வேறு வரிசை: இன்ஜினியரிங் கவுன்சிலிங், கேம்பஸ் இன்டர்வியூ, அப்புறம் சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஒரு ஐடி வேலை.

இப்போது இரண்டுமே கலைந்துவிட்டன. 2003 ஏப்ரல் 1 முதல் அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்றானது. ஆசிரியர் வேலைக்கு 2012-ல் தகுதித் தேர்வு வந்தது. அதற்குப் பிறகு பதிவு மூப்பை மட்டும் நம்பிக் காத்திருப்பதில் அர்த்தமில்லாமல் போனது. பெரிய ஐடி கம்பெனிகளில் புதிதாகச் சேர்பவருக்கு 2010 வாக்கில் வருஷத்துக்கு மூன்று லட்சத்துச் சொச்சம் கொடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்தும் மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. இதே காலத்தில் சென்னையில் வாடகை என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2024 குரூப் 4 தேர்வில் முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு அது. என் அக்கா மகன் பி.இ. முடித்துவிட்டு அதற்குப் படிக்கிறான். மாமா, இந்தத் தடவை கட் ஆஃப் எவ்வளவு போகும் என்று கேட்கிறான். எனக்கு என்ன தெரியும்? நான் அந்த வயதில் உழைத்ததைவிட அவன் அதிகம் உழைக்கிறான். உழைத்தால் எத்தனை வருஷத்தில் என்ன கிடைக்கும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அப்பாவுக்கு அதைச் சொல்ல ஊரில் பத்துப் பேர் இருந்தார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. மேலே நான் சொன்னது பெரும்பாலும் ஆண்பிள்ளைகள் கதை. என் அத்தைகள் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு எந்த வரிசையிலும் இடமில்லை. இன்று இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். சம்பளம் குறைவுதான், ஹாஸ்டல் வாழ்க்கை கஷ்டம்தான். ஆனாலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணிடம் போய், உன் பாட்டி காலத்தில் எதிர்காலம் நன்றாக இருந்ததா என்று கேட்டால் சிரித்துவிடுவாள்.