ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்: நீங்களே மாற்றலாம், டப்பாவில் ஏமாறாதீர்கள்

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறேன். 2012 மாடல் ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக், செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 85,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கியர் ஆயிலை ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்கிறார் ஒருவர். மெஷின் போட்டு ஃப்ளஷ் செய்தே ஆகவேண்டும் என்கிறார் இன்னொருவர். வீட்டிலேயே மாற்ற முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். உங்களுடையது ஐந்து கியர் உள்ள பழைய வகைக் கியர் பெட்டி. இதற்கு அடுத்த மாடல் சிட்டியில் வருவது சிவிடி, அதாவது தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் பெட்டி, அதன் ஆயிலே வேறு.

ஆயுசு என்றால் யாருடைய ஆயுசு? வாரண்டி முடியும்வரை தாங்கினால் வண்டி செய்து விற்ற கம்பெனிக்குப் போதும், பிறகு பெட்டிச் செலவு உங்கள் தலையில். மெஷினும் வேண்டாம். அதற்குள் எந்த ஆயில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

உங்கள் பெட்டிக்கு உரியது ஏடிஎஃப் டிடபிள்யூ-1 என்ற ஹோண்டாவின் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். 'எல்லா வண்டிக்கும் சேரும்' என்று பீப்பாயிலிருந்து ஊற்றித் தரும் சில்லறை ஆயிலைத் தொடாதீர்கள். கடைக்குக் கூடவே வந்து 'நான் விலை பேசித் தருகிறேன்' என்பவருக்கு உங்கள் பணத்தில்தான் கமிஷன். மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, பில் போட்டு வாங்குங்கள். காலி டப்பாவை ஆணியால் குத்தி ஓட்டையாக்கிவிட்டே எறியுங்கள். ஓட்டையில்லாத டப்பாவாகக் கிடைத்தால் அதிலேயே போலி ஆயில் நிரம்பி மறுபடி கடைக்கு வரும்.

மணல் தரையில் ஜாக்கி புதையும். சிமெண்டுத் தளத்தில் நிறுத்தி, ஸ்டாண்டு கொடுத்து வண்டி மட்டமாக நிற்கும்படி பாருங்கள். தூக்குவதற்கு முன்பே பத்து நிமிடம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். முதலில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் வெளியே வருகிறதா என்று பாருங்கள், ஊற்றும் வழி அதுதான். அடியில் ஆயிலை வடிக்கும் போல்ட்டைக் கழற்றும்போதுதான் பலர் தவறுகிறார்கள், இஞ்சின் ஆயில் போல்ட்டைக் கழற்றிவிடுகிறார்கள். இஞ்சின் போல்ட்டுக்கு ஆறுபக்கத் தலை. கியர் போல்ட்டில் சதுரக் குழி இருக்கும், 3/8 அங்குல ராட்செட் முனை நேராக அதில் உட்காரும். உப்புக்காற்றில் இறுகிப்போயிருந்தால் முதல் நாளே துரு நீக்கி எண்ணெய் அடித்து வையுங்கள். போல்ட் முனைக் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருப்பது இயல்பு, துடைத்துவிடுங்கள். உலோகத் துண்டு இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வடிந்ததை அளந்து, அதே அளவு ஊற்றுங்கள். சுமார் இரண்டரை லிட்டர் வரும். மீதி, இஞ்சினையும் கியர் பெட்டியையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும், அதனால் ஒரே முறையில் பாதிதான் மாறும். சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் புது அலுமினிய வாஷர், போல்ட்டை இறுக்கும் முறுக்கு 49 நியூட்டன் மீட்டர். பலம் காட்டினால் பெட்டியின் மரை போய்விடும். கச்சான் காற்று வீசும் நாளில் புனலைத் திறந்து வைக்காதீர்கள், மணல் உள்ளே போனால் வால்வுகள் சிக்கும். ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை சூடாக்கி, இஞ்சினை நிறுத்தி 60 முதல் 90 வினாடிக்குள் அளவு பாருங்கள்.

ஒன்றில் மட்டும் கையை வைக்காதீர்கள். வடிந்த ஆயில் ரோஸ்மில்க் போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் குழாய் ஓட்டையாகியிருக்கலாம். இல்லையென்றால் முன்பு வைத்திருந்தவர் தனுஷ்கோடியில் அலைக்குள் இறக்கியிருக்கலாம். சூடான பெட்டி குளிர்ந்த நீரில் பட்டால் மேலே உள்ள காற்றுத்துளை வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிளட்ச் தகடுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுத் தாள் தண்ணீரில் ஊறிக் கழன்றுவிடும். ஆயில் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல், முன்சக்கரங்கள் தரையில் படாதபடி ஏற்றிக்கொண்டு போங்கள்.

பழைய ஆயிலைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே கொடுக்க வேண்டும் என்கிறது விதி. எட்டு லிட்டர் வைத்திருப்பவர் எங்கே போவார் என்று எழுதியவர்கள் யோசிக்கவில்லை. ஆனாலும் மணலில் ஊற்றாதீர்கள், பக்கத்திலேயே மன்னார் வளைகுடா. மூடிய கேனில் சேர்த்து, கழிவு ஆயிலை மொத்தமாக அனுப்பும் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள்.