அம்மாவின் நகையை அடகு வைத்துத் தொழில் தொடங்கலாமா?

கேள்வி: ஈரோடு பக்கம் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மண்ணின் ஈரத்தை அளந்து, சொட்டுநீர் மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்தும் கருவியை நண்பர்கள் நால்வர் சேர்ந்து செய்திருக்கிறோம். எட்டு விவசாயிகளின் தோட்டத்தில் மாட்டினோம், எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. ஒன்றுக்கு 3,500 ரூபாய் செலவாகிறது. உடனே பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்து ஆளுக்கு 25 சதவீதம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் நண்பர்கள். நகையை அடகு வைத்து 4 லட்சம் தருவதாக அப்பா சொல்கிறார். என் பெயரில் கல்விக் கடனும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: நகையை இப்போது தொடாதீர்கள். வட்டி 10 சதவீதம் என்று வைத்தாலும் ஓராண்டில் 4,40,000 ரூபாய் கட்டி மீட்க வேண்டும். மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போகும். கல்விக் கடனுக்குப் பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை. ஆனால் வட்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு கடனும் ஒரே வீட்டின் மேல்தான் விழும்.

அந்த எட்டுப் பேரில் யாராவது காசு கொடுத்தார்களா? உங்கள் கடிதத்தில் நான் தேடியது அதைத்தான். பிள்ளைகள் இலவசமாக மாட்டிக் கொடுத்ததை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 6,000 ரூபாய் விலை சொல்லி, பாதியை முன்பணமாகக் கேளுங்கள். 20 பேர் கொடுத்தால் 60,000 கைக்கு வரும். பொருள்கள் வாங்க 70,000 வேண்டும். குறைவது 10,000, ஆளுக்கு 2,500 போட்டால் போதும். நாலு லட்சம் எதற்கு? 20 பேர் கிடைக்காவிட்டால், விலையோ கருவியோ சரியில்லை என்பது நகை பீரோவில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.

கம்பெனிப் பதிவுக்கும் அவசரமில்லை. பதிவு செய்த நாள் முதல், ஒரு ரூபாய்க்கு விற்காவிட்டாலும், ஆண்டுதோறும் ஆடிட்டரை வைத்துக் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும். ஆண்டுப் படிவங்கள் தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். தொடர்ந்து மூன்று ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து ஆண்டுக்கு அந்தப் பதவிக்கான தகுதியை இழப்பார்கள். செமஸ்டர் தேர்வுக்கு நடுவே இதையெல்லாம் யார் பார்ப்பது?

ஆனால் ஒன்று. பதிவே இல்லாமல், லாபத்தைப் பங்கிட்டுத் தொழில் செய்தாலும் 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் கூட்டாளிகள்தான். உங்கள் கருவியால் ஒருவருடைய மோட்டார் எரிந்தால், நஷ்டத்துக்கு நால்வரும் சொந்தப் பொறுப்பு. ஆகவே முதல் 20க்குப் பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றாமல் பக்கத்திலேயே இருக்கவிடுங்கள். எது பழுதானால் யார் பொறுப்பு என்பதையும் ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். விற்பனை இதைத் தாண்டும்போது கம்பெனி அவசியமாகிவிடும். தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு புதுத் தொழில்களுக்கு வழங்கும் டான்சீட் என்ற தொடக்க நிதிக்கு விண்ணப்பிக்கவும் அப்போது அது உதவும். பணம் கொடுத்து வாங்கிய 20 விவசாயிகளின் ரசீது அந்த விண்ணப்பத்துக்கு நல்ல பலம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த 25 சதவீதம். அடுத்த ஆண்டு கேம்பஸ் இன்டர்வியூ வரும். இருவர் வேலை கிடைத்து பெங்களூரு போய்விட்டால், பாதிக் கம்பெனி அவர்கள் பெயரில் இருக்கும், தோட்டம் தோட்டமாக அலைவது மீதி இருவராக இருக்கும். அப்படிப்பட்ட கம்பெனியில் பணம் போட முதலீட்டாளர்கள் தயங்குவார்கள். பங்கு நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சொந்தமாகும்படி இப்போதே எழுதுங்கள்: ஓராண்டுக்குள் விலகினால் ஒன்றுமில்லை, ஓராண்டு முடிந்தால் அவர் பங்கில் நாலில் ஒன்று, பிறகு மாதாமாதம் கொஞ்சம். இதை வெஸ்டிங் என்பார்கள். விலகுபவர் எழுதிய புரோகிராமும் வரைந்த சர்க்யூட்டும் தொழிலுக்கே சொந்தம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நண்பர்களிடம் இதைப் பேசக் கூச்சமாக இருக்கும். வேலைக் கடிதம் யார் கையிலும் இல்லாத இந்த மாதத்தில் பேசினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் செய்தது என்றால் அதன் உரிமை யாருக்கு என்று துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்புரிமை எண்ணம் இருந்தால் இனி எந்தக் கண்காட்சியிலும் வைக்கும் முன் அதற்கான வழக்கறிஞரைப் பாருங்கள். விண்ணப்பிக்கும் முன் ஊரறியக் காட்டியது பின்னால் தடையாகலாம்.

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: பெரிய ஆர்டர் ஒன்று எழுத்தில் வந்து, முன்பணமும் வந்த பிறகு பொருள் வாங்கக் குறைகிற தொகைக்கு மட்டும், எந்த மாதம் மீட்போம் என்று குறித்துவைத்துக் கேட்கிறேன். அம்மாவையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். நகை அவருடையது.